வாடைக் காற்றில் கைட்சர்ஃபிங்: நாகை, காரைக்கால் கரையில் அலை ஏறும்போது என்ன செய்வது?

வெட்டாறு கேட்டது:

வணக்கம். எடை 68 கிலோ. கைட்சர்ஃபிங் (பெரிய காற்றாடி இழுக்க, பலகையில் நின்று தண்ணீரில் ஓடுவது) கற்றது ராமேஸ்வரம் பக்கம், அலையே இல்லாத தண்ணீரில். இரண்டு பக்கமும் ஓட்ட வரும். பலகை நழுவிப் போனால் கைட் இழுக்கிற இழுப்பிலேயே நீந்திப் போய் எடுக்கவும் வரும். கையில் இருப்பது 9, 12 சதுர மீட்டரில் இரண்டு காற்றடைக்கும் கைட்கள், நாலு லைன் (கைட்டையும் கைப்பிடியையும் இணைக்கும் கயிறு), 22 மீட்டர் நீளம்.

நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் இடையில் எங்காவது இறங்க எண்ணம். மூன்று விஷயம் தெரிய வேண்டும். எந்தக் காற்றுக்கு இறங்கலாம், எதற்குக் கூடாது? உடைகிற அலைக்குள் கைட் விழுந்துவிட்டால் என்ன வரிசையில் என்ன செய்வது? எந்தக் கட்டத்தில் கைட்டை முழுசாக விட்டுவிட வேண்டும்? பொதுவாக "கவனமா இருங்க" என்று சொல்லாமல் விவரமாகச் சொன்னால் நல்லது.

கொண்டல்:

முதலில் காற்றின் திசை. அலை அதற்குப் பிறகு.

பழையாறிலிருந்து கோடியக்கரை வரை நம் கரை கிழக்கே பார்த்து நேராக ஓடுகிறது. கடலைப் பார்த்து நின்றால் வாடை இடதுபக்கம் முன்னாலிருந்து வரும். ஆளைத் தெற்கேயும் கரைப்பக்கமும் தள்ளும். எது அறுந்தாலும் எது உடைந்தாலும் கடைசியில் கரையில்தான் வந்து ஒதுங்குவீர்கள். அதனால் இறங்குவதற்கு நம் பக்கம் இதுதான் சரியான காற்று. ஒரே வில்லங்கம், அலை ஏறுவதும் இதே பருவத்தில்தான்.

கொண்டல் காற்று நேர் கிழக்கிலிருந்து அடித்தால் வேண்டாம். கரையை விட்டு விலகவே முடியாது. கைட்டை ஏற்றி நாலு அடி வைப்பதற்குள் அலையும் காற்றும் சேர்ந்து மணலுக்குத் திருப்பி அனுப்பும். கைட்சர்ஃபிங்கில் உயிர்போகிற விபத்துகளில் கணிசமானவை கரையில் நடப்பவை. ஆள் தூக்கி எறியப்பட்டுக் கல், சுவர், மரம், கம்பம் எதிலாவது மோதுவதுதான் காரணம். கீழ்க்காற்றுப் பக்கம், அதாவது காற்று போகிற பக்கம், எவ்வளவு இடம் காலியாக இருக்கிறது என்பதை வைத்துத்தான் இடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். குறைந்தது 100 மீட்டராவது வேண்டும். தரங்கம்பாடியிலும் பூம்புகாரிலும் கரையோரம் கல் கொட்டியிருக்கிறார்கள், அந்தப் பக்கம் யோசிக்கவே வேண்டாம். சவுக்குத் தோப்பை ஒட்டிய கரை பார்க்க அழகு. வாடை உங்களைத் தள்ளுவது நேரே அந்தத் தோப்புக்குள். வேளாங்கண்ணியில் குளிக்கிற கூட்டத்துக்கு நடுவே 22 மீட்டர் லைனை விரிப்பது அடுத்தவர் கழுத்துக்குக் கத்தி வைக்கிற வேலை. தெற்கேயோ வடக்கேயோ நன்றாகத் தள்ளிப் போங்கள்.

இதையெல்லாம்விட மோசமான காற்று கச்சான். இந்த வருடம் பழகிவிட்டு ஜூனில் மறுபடி இறங்கப் போகிறீர்கள் என்றால் இதை இப்போதே மனதில் வையுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் மேற்கிலிருந்து வீசும். கரையோரம் தண்ணீர் கண்ணாடியாகக் கிடக்கும், புதிதாகப் பழகுபவருக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது போலத் தோன்றும். ஆனால் அது நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. கைட் ஒருமுறை விழுந்து எழும்பாவிட்டால் கரையிலிருந்து நிமிஷத்துக்கு நிமிஷம் விலகிக்கொண்டே இருப்பீர்கள், அலை உங்களைத் திருப்பிக் கொண்டுவராது. மரம், வீடு எல்லாம் தாண்டி வருவதால் சீராகவும் இருக்காது. ஒரு நேரம் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஏறக்குறைய 1.85 கி.மீ.), அடுத்த நொடி 22. பிற்பகலில் கடற்காற்று தென்கிழக்காக ஏறினால் அதில் இறங்கலாம். ஆனால் வெயில் தாழ்ந்து அது தளரும் நேரத்தில் கரையில் இருக்க வேண்டும், மறுபடி மேற்குதான் அடிக்கும்.

இன்னொரு பொறி. கோடியக்கரையில் கரை மேற்கே திரும்புகிறது. அங்கிருந்து முத்துப்பேட்டைப் பக்கம் வரை கடல் தெற்கே இருக்கிறது. அதே வாடை அங்கே நிலத்திலிருந்து கடலுக்கு அடிக்கும். நாகையில் அலை ஆளுயரம் இருக்கும் நாளில் அங்கே தண்ணீர் தட்டையாகக் கிடப்பதைப் பார்த்து "அங்க போயிடலாம்" என்று கிளம்பத் தோன்றும். கிளம்பக் கூடாது. பாக் நீரிணைக்குள் அடித்துக்கொண்டு போனால் இலங்கையோடான கடல் எல்லைக் கோடு அதிக தூரமில்லை. தவிர அது சரணாலயம், ராம்சர் பகுதி (உலக அளவில் பாதுகாக்கப்படும் ஈரநிலம்). பூநாரைகள் வந்து இறங்குகிற பருவத்தில் அங்கே கைட் ஏற்றுவது சட்டப்படியும் தவறு, நியாயப்படியும் தவறு.

அளவுக்கு வருவோம். கைட்டின் இழுவிசை காற்று வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். 16 நாட் 24 ஆனால் இழுப்பு ஒன்றரை மடங்கு ஆகாது, இரண்டே கால் மடங்கு ஆகும். 68 கிலோவுக்கு 12 மீட்டர் கைட் 13 முதல் 17 நாட் வரை, 9 மீட்டர் 18 முதல் 23 வரை. அதற்கு மேல் உங்களிடம் கைட் இல்லை, ஆகவே அதற்கு மேல் இறங்குவதும் இல்லை. செல்போனில் தெரிவது முன்கணிப்பு. கையில் பிடிக்கிற காற்றுமானி ஒன்று வாங்கி, கரையில் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து ஐந்து நிமிஷம் பாருங்கள். மிகக் குறைந்ததற்கும் மிக அதிகமானதற்கும் 10 நாட் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கு மூட்டையைப் பிரிக்காதீர்கள். கருவி இல்லையென்றால் கடலைப் பாருங்கள். அங்கங்கே வெள்ளை நுரை தலைகாட்டினால் 12 நாட்டைத் தாண்டியாயிற்று; எங்கு பார்த்தாலும் நுரை என்றால் 20 பக்கம்.

மூணாவதுஅலை:

கொண்டல் அண்ணன் சொன்னதற்கு மேல் காற்றைப் பற்றிச் சொல்ல எதுவுமில்லை. இரண்டாவது, மூன்றாவது கேள்விகளுக்கு நான்.

தட்டைத் தண்ணீரில் கைட் விழக் காரணம் பெரும்பாலும் கைத்தவறு. அலையில் விழக் காரணம் லைன் தளர்வது. அலை உங்களைக் கரைப்பக்கம் தள்ளும்போது நீங்கள் கைட்டை நோக்கி நகர்கிறீர்கள், 22 மீட்டர் லைன் தொய்கிறது, பிடிமானம் இழந்த கைட் தலைகுப்புற வருகிறது. இதனால்தான் அலை உடையும் பகுதியைக் கடக்கும்போது கைட் நேர் உச்சியில் நிற்கக் கூடாது. உச்சியில் நின்றால் மேலே தூக்குமே தவிர முன்னால் இழுக்காது. போகிற பக்கம் 45 பாகையில் வைத்து, லைன் விறைப்பாக இருக்கும்படி, முழங்கால் மடக்கி, நுரையைக் குறுக்கே வெட்டிப் போங்கள். போதாத காற்றில் அலைக்குள் போவதும் அதிகக் காற்றில் போவதைப் போலவே ஆபத்து. இழுப்பு இல்லாத கைட்டோடு அலை உடையும் இடத்தில் மாட்டி நிற்பதுதான் பாதி விபத்துக்குத் தொடக்கம்.

இறங்குமுன் கால்மணி நேரம் சும்மா நின்று கடலைப் பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு கொஞ்சம் ஓயும். எத்தனை அலைக்கு ஒரு ஓய்வு என்று பிடிபட்டதும் அந்த இடைவெளியில் கடக்கலாம். ஓய்வே இல்லாமல் உடைந்துகொண்டிருந்தால், அல்லது கரையோர அலை உங்கள் நெஞ்சுக்கு மேல் எழுந்து நேரே மணலில் இடித்தால், தட்டைத் தண்ணீர் அனுபவம் மட்டும் உள்ளவருக்கு அது இறங்குகிற நாள் இல்லை.

இனி கைட் விழுந்துவிட்டது. அடுத்த பெரிய அலை வருவதற்குப் பத்துப் பன்னிரண்டு நொடி இருக்கிறது என்று வையுங்கள். ஒரே ஒருமுறை மறுபடி எழுப்பிப் பார்க்கலாம். எழும்பவில்லையா, அலை வந்து அதை உருட்டுவதற்கு முன் முடிவெடுக்க வேண்டும். உருண்ட கைட்டில் லைன்கள் சுருண்டு, அடுத்த அலையில் அது தண்ணீரை மொண்டுகொண்டால் இழுக்கிற பாரம் மனிதக் கைக்கு அடங்காது. லைனும் பிரைடிலும் (லைனைக் கைட்டோடு இணைக்கும் சிறு கயிறுகள்) அறுபடும், அல்லது நீங்கள் இழுபடுவீர்கள்.

விடுவதற்கு மூன்று படி, வரிசை மாறக் கூடாது. முதல் படி, கன்ட்ரோல் பாரிலிருந்து (கைட்டைத் திருப்பும் கைப்பிடிக் கம்பு) கையை எடுப்பது. பதற்றத்தில் ஆள் செய்வது நேர்மாறு, பாரை இறுக்கி நெஞ்சோடு இழுப்பார்கள், கைட் இன்னும் வேகமெடுக்கும். அதுவே போதாமல் இழுப்பு தொடர்ந்தால் இரண்டாம் படி, சிக்கன் லூப்புக்கு (இடுப்புப் பட்டையின் கொக்கியில் மாட்டும் வளையம்) மேலே இருக்கும் குவிக் ரிலீஸை, அதாவது விடுபூட்டை, வெளியே தள்ளுவது. கைட் ஒரே முன் லைனில் தொங்கி, கொடி மாதிரி படபடத்து இழுப்பை இழக்கும். சேஃப்டி லீஷ் (கைட்டை ஆளோடு பிணைக்கும் பாதுகாப்புக் கயிறு) மட்டும் உங்களோடு இருக்கும். அதற்கும் அடங்காமல் இழுத்தால், அல்லது அலை கைட்டைப் பிடித்து உங்களைக் கல்லுக்கோ தண்ணீருக்கடியிலோ கொண்டுபோனால், மூன்றாம் படி, லீஷின் விடுபூட்டையும் திறந்து முழுசாக விடுவது.

முழுசாக எப்போது விடுவது என்று கேட்டீர்கள். இரண்டாம் படி முடிந்தும் இழுப்பு நிற்காத எந்த நேரத்திலும். லைன் காலிலோ கழுத்திலோ சுற்றியிருந்தால் உடனே. பாரில் ஒரு லைன் சிக்கி கைட் விடாமல் வட்டமடித்தால் உடனே. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு இழுப்பு, அது தானாக ஓயாது. கல் கட்டுமானமோ முகத்துவாரமோ கீழ்க்காற்றில் 50 மீட்டருக்குள் இருந்து, கைட் கட்டுப்பாட்டில் இல்லையென்றால் உடனே. வாடையில் விட்ட கைட் பெரும்பாலும் தெற்கே கரையில்தான் ஒதுங்கும். லீடிங் எட்ஜில் (கைட்டின் காற்றடைத்த முன்விளிம்பு) அழியாத மையால் போன் நம்பர் எழுதி வையுங்கள். ஆளில்லாத கைட் கரையில் கிடந்தால் ஊரே கடலில் இறங்கித் தேடும். நீங்கள் பத்திரம் என்று யாருக்காவது உடனே சொல்லிவிட வேண்டும்.

லீஷை எங்கே மாட்டியிருக்கிறீர்கள் என்று இன்றைக்கே பாருங்கள். குவிக் ரிலீஸைத் தள்ளியதும் ஒரே லைனில் கைட் தொங்கும்படி, அதற்கென உள்ள வளையத்தில் இருக்க வேண்டும். வித்தை காட்டுபவர்கள் சிக்கன் லூப்பிலேயே மாட்டுவார்கள். அப்படி மாட்டினால் இரண்டாம் படிக்குப் பிறகும் கைட் இழுப்பை முழுசாக இழக்காது. பழைய பார் வாங்கியிருந்தால் கைட் விடுபூட்டுகளுக்கான ஐஎஸ்ஓ 21853 தரத்துக்கு உட்பட்டதா என்று கேளுங்கள். 2020இல் வந்த தரம் அது. அதற்கு முந்தைய சில பூட்டுகள் பாரமேறிய நிலையில் திறக்க மறுக்கும். நம் மணல் மாவு மாதிரி நைசு, பூட்டின் உறைக்குள் புகுந்து இறுகிவிடும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் கழுவி, இறங்குமுன் ஹார்னஸில் (இடுப்புப் பட்டை) மாட்டி முழு எடையைப் போட்டுத் தொங்கியபடி திறந்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு, இடது கையாலும் வலது கையாலும். அலைக்குள் கண் திறந்து பூட்டைத் தேட முடியாது.

அலை உடையும் பகுதிக்கு வெளியே விழுந்தால் கதை வேறு, நேரம் இருக்கிறது. இரண்டாம் படி வரை விட்டுவிட்டு, சேஃப்டி லைனைப் பிடித்து பார் வரை போங்கள். அந்த ஒரு லைனை மட்டும் பாரில் முதலில் சில மீட்டர் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். அது மற்ற மூன்றையும்விடக் குட்டையாக இருக்கும்வரை கைட் மறுபடி காற்றைப் பிடிக்காது. பிறகு நாலு லைனையும் சேர்த்து எட்டு வடிவில் சுற்றிக்கொண்டே கைட்டை அடைந்து, கடைசியில் இரண்டு முடிச்சு. எந்தக் கட்டத்திலும் லைனை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றாதீர்கள், சதையை எலும்பு வரை அறுக்கும். கைட் நுனியைப் பிடித்துப் படகுப் பாய் மாதிரி வைத்தால் காற்றே கரைக்குத் தள்ளும். ஆனால் உடையும் அலைக்கு முன்னால் வந்ததும் கைட்டை விட்டு மேல்காற்றுப் பக்கம், கடல் பக்கமாக விலகி, அதை முதலில் போகவிடுங்கள். கைட்டுக்கும் கரைக்கும் நடுவில் நீங்கள் இருக்கக் கூடாது.

கரைவலை:

தம்பி, மேல சொன்னது எல்லாம் சரி. எங்க பக்கத்துக் கடல் சங்கதி கொஞ்சம் சொல்றேன்.

முகத்துவாரம் பக்கமே போவாதீங்க. காரைக்கால்ல அரசலாறு, நாகையில கடுவையாறு, வேளாங்கண்ணிக்குத் தெக்கால வெள்ளையாறு, எல்லாத்துக்கும் இதே பேச்சுதான். ஐப்பசி கார்த்திகையில மழைத் தண்ணி வயக்காட்ட வடிச்சுக்கிட்டு கடலுக்கு வரும். ஆகாயத்தாமரை, வாழைமட்டை, மரக்கட்டை எல்லாம் கூடவே வரும். கலங்கல் தண்ணியில கட்டை இருக்கிறது கண்ணுக்குத் தெரியாது. ஆத்துத் தண்ணி வெளிய தள்ளுது, வாடையலை உள்ள தள்ளுது, ரெண்டும் மோதுற எடத்துல அலை செங்குத்தா எந்திரிச்சு ஒடையும். கடல் தண்ணி வத்தி இறங்குற நேரத்துல இன்னும் மோசம். மணல் திட்டு எங்க இருக்குன்னு மழைக்கு மழை மாறும், போன மாசம் ஆழமா இருந்த எடம் இப்ப முழங்கால் தண்ணியா இருக்கும். அலை ஏத்துற வேகத்துல தலைகீழா அதுல குத்துனா கழுத்து போயிரும்.

கடல் உள்ள இழுக்குற எடம் பாத்தா தெரியும். ரெண்டு பக்கமும் அலை ஒடஞ்சு வெள்ளையா இருக்கும், நடுவுல ஒரு சந்து மட்டும் ஒடையாம கருப்பா, இல்ல மணல் கலந்து பழுப்பா, நுரை வெளிய போய்க்கிட்டு இருக்கும். வெளியூரு ஆளுங்க அலை இல்லைன்னு அங்கதான் குளிக்க இறங்குவாங்க. கைட்ட விட்டுட்டு நீந்துறப்ப அதுல மாட்டுனா எதுத்து நீந்தாதீங்க. கரைக்கு ஒட்டுனாப்ல பக்கவாட்டுல நீந்தி, அலை ஒடையிற எடத்துக்கு வந்து, அலையோட சேந்து கரைக்கு வாங்க. வாடைக் காலத்துல கரையோர வெள்ளமே தெக்கதான் ஓடும், தெக்குப் பக்கமா நீந்துனா சுளுவு.

வலை இன்னொரு விஷயம். நண்டு வலைக்கும் செவுள் வலைக்கும் மேல மிதவை மட்டும் தெரியும், பல எடத்துல தெர்மாக்கோல் துண்டோ தண்ணி பாட்டிலோதான். வரிசையா மிதவை தெரிஞ்சா கடல் பக்கமா சுத்திப் போங்க. கரைவலை இழுக்குறாங்கன்னா ரெண்டு கயிறும் கடலுக்குள்ள ரொம்ப தூரம் போயிருக்கும். அந்த ரெண்டு கயிறுக்கு நடுவுல நீங்க இருக்கப்படாது. கால எடுத்து வைக்கிறப்ப தேய்ச்சுத் தேய்ச்சு வைங்க, மணல்ல திருக்கை படுத்திருக்கும். அதிர்வு பட்டா வெலகிப் போயிரும், மிதிச்சாதான் முள்ளால அடிக்கும்.

வானம் பாருங்க. வாடைக் காலத்துல கடல் பக்கம் கருக்கல் கட்டி, அடியில சாம்பல் திரை மாதிரி மழை தொங்கிச்சுன்னா அது வந்து சேர நேரமே ஆவாது. அதுக்கு முன்னால ஒரு குளிர்ந்த காத்து மூஞ்சியில அடிக்கும், காத்துத் திசை படக்குனு மாறும். அந்தக் குளிர் படுறப்ப கைட்டு கீழ எறங்கி இருக்கணும். ஆவணி புரட்டாசியில சாயங்கால இடிமழை மேக்கேருந்து வரும், அது கடலுக்குள்ள தள்ளுற காத்து. நாகை, காரைக்கால் துறைமுகத்துல புயல் கூண்டு 1ஆம் நம்பர் ஏறுனாலே நீங்க இறங்க வேணாம். 3 ஏறுனா துறைமுகத்துக்கே பலத்த காத்து வருதுன்னு அர்த்தம். ஐதராபாத்துல இருக்குற இன்காயிஸ்னு கடல் தகவல் மையம் போடுற அலை எச்சரிக்கையையும் பாத்துக்குங்க. கஜா புயல் 2018 நவம்பர் 16 விடிகாலையில நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு, நீங்க சொல்ற அதே மாசம்.

இறங்குற கரைக்கு எந்தக் குப்பமோ, அங்க ரெண்டு பேருகிட்ட சொல்லிட்டு இறங்குங்க. எத்தனை மணிக்கு, எந்தக் கலர் கைட்டு, எப்ப திரும்பி வருவேன், மூணும் சொல்லணும். ஒங்களத் தேடி மொதல்ல வர்றது அவங்க ஃபைபர் படகுதான். வலை காயுற எடத்துல, கருவாடு காயுற எடத்துல கைட்ட விரிக்காதீங்க. கடலோரக் காவல் குழுமம் 1093, கோஸ்ட் கார்டு 1554. கரையில நிக்கிற ஒங்க ஆளு போன்லயும் ரெண்டும் இருக்கணும்.

வெட்டாறு:

மூன்று பேருக்கும் நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். அலையில் பலகை போய்விடாமல் இருக்க அதற்கும் ஒரு கயிறு மாட்டலாமா? கைட்டை முழுசாக விட்டபின் மிதக்க எதுவுமே இருக்காதே, இம்பாக்ட் வெஸ்ட் (அடி தாங்கும் மெத்தைச் சட்டை) போதுமா?

மூணாவதுஅலை:

பலகைக்குக் கயிறு வேண்டாம். நீங்கள் விழுந்ததும் கைட் உங்களை இழுக்கும், பலகை தண்ணீரில் பின்தங்கிக் கயிறு விறைக்கும், பிறகு அது நேரே உங்கள் பின்மண்டைக்கு வரும். பலகை போனால் போகட்டும், வாடையில் அதுவும் கரைக்குத்தான் வரும். தலைக்கவசம் எப்படியும் வேண்டும்.

இம்பாக்ட் வெஸ்ட் விலா எலும்புக்கு, மிதப்புக்கு இல்லை. கொஞ்சம் மிதக்க உதவும், மயங்கினால் முகத்தை மேலே நிறுத்தாது. ஹார்னஸுக்கு மேல் ஏறிக்கொள்ளாத, பூட்டை மறைக்காத மிதவைச் சட்டை கிடைத்தால் அதையே போடுங்கள். தூரத்துக்கு ஒரே அளவுகோல்தான். ஹார்னஸோடு, அலையில், எதுவும் பிடிக்காமல் நீந்தி வர முடிகிற தூரத்தில் பாதிக்கு மேல் வெளியே போகாதீர்கள். முதலில் ஒருநாள் கைட் இல்லாமல் அதை நீந்திப் பார்த்துவிடுங்கள்.

கொக்கி வளைவுள்ள சிறிய லைன் கத்தி ஒன்று ஹார்னஸில், இரண்டு கைக்கும் எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். வெட்டு வாய் உள்பக்கம் இருப்பதால் சதையில் படாது. லைனில் முடிச்சு விழுந்திருந்தால் அந்த லைனின் தாங்குதிறன் ஏறக்குறைய பாதியாகிவிடும். பிரிக்க முடியாவிட்டால் லைனை மாற்றுங்கள். லீடிங் எட்ஜுக்குக் காற்று எவ்வளவு என்று கைட்டிலேயே அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 6 முதல் 8 பிஎஸ்ஐ. குறைவாக அடித்தால் அலை பட்டதும் நடுவில் மடியும், மடிந்த கைட் எழும்பாது. அடித்த கைட்டை வெயிலில் மணிக்கணக்கில் போட்டு வைத்தாலும் உள் ஒட்டு இளகிக் காற்று இறங்கும்.

கொண்டல்:

கைட்டை ஏற்றிவிடும் ஆளுக்கும் ஒரு பயிற்சி கொடுங்கள், வழியில் போகிறவரைக் கூப்பிட்டு நிறுத்தாதீர்கள். கைட்டைக் காற்றுக்குப் பக்கவாட்டில், கடல் பக்கம் நிறுத்தி லீடிங் எட்ஜின் நடுவைப் பிடிக்க வேண்டும். உங்களுக்கு நேர் கீழ்க்காற்றில் பிடித்திருந்தால் விட்ட நொடியே முழு இழுப்பு வரும். நாலு லைனையும் கண்ணால் தொடர்ந்து கைட் வரை பார்த்த பிறகுதான் கட்டைவிரலைத் தூக்கி 'விடு' என்று காட்ட வேண்டும். உள்ளங்கையால் தலையைத் தட்டினால் இறக்க வேண்டும் என்று பொருள். ஏறியதும் கரையில் நின்று பேசிக்கொண்டிருக்காமல் தண்ணீருக்குள் போய்விடுங்கள்.

அதே ஆளுக்கு முதலுதவியும் தெரிந்திருக்கட்டும். மூழ்கியவர் மூச்சில்லாமல் இருந்தால் நெஞ்சை அழுத்துவதற்கு முன் ஐந்து முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும், பிறகு 30 அழுத்தத்துக்கு 2 ஊதல். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பது, தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவது எதுவும் கூடாது; நேரம் போவதோடு வாந்தி மூச்சுக்குழலுக்குள் போகும். மணலில் தலை குத்தியிருந்தால் கழுத்தைத் திருப்பாமல் தலையையும் உடலையும் ஒரே கோட்டில் பிடித்துத் தூக்க வேண்டும். 108ஐ அழைக்கும்போது கடற்கரை என்று மட்டும் சொல்லாமல், எந்த ஊர், வண்டி எந்தச் சாலை வழியாக எதுவரை வர முடியும் என்றும் சொல்லுங்கள். மீண்டு எழுந்து "ஒன்றுமில்லை" என்று சொன்னாலும், இருமல் இருந்தால் அன்றைக்கே அரசு மருத்துவமனையில் காட்டிவிடுங்கள். நுரையீரலுக்குள் போன உப்புத் தண்ணீர் சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சைத் திணறடிக்கும்.